வாசகர் கேள்வி பதில்: எம்பிஏ சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்?

டிகிரி ரிசல்ட் வர்ற நேரங்கறதால இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல எம்பிஏ பத்தி தான், அதுவும் தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலருந்தும் ஒரே நேரத்துல. மத்த கேள்விங்கள அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். பல வருஷமா மேனேஜ்மென்ட் பாடம் நடத்துறேன், பொறந்ததும் இந்த பக்கம் தான், அதனால கொஞ்சம் உரிமையோடவே சொல்றேன்.

கேள்வி: என் மகன் பிபிஏ முடிச்சிருக்கான். ஒரு தனியார் காலேஜ்லருந்து போன் மேல போன். ஹையஸ்ட் பேக்கேஜ் 18 லட்சம், 100 சதவீதம் பிளேஸ்மென்ட், இன்னைக்கே 50 ஆயிரம் கட்டுனா ஸ்காலர்ஷிப்போட சீட்டுங்கறாங்க. கட்டிடலாமா மேடம்?
(ஒரு தகப்பனார், மொரப்பூர்)

பதில்: அண்ணா, இன்னைக்கு கட்டாதீங்க. நல்ல காலேஜ் எதுவும் இன்னைக்கேன்னு கழுத்துல கத்தி வெக்காது. ஹையஸ்ட் பேக்கேஜ்ங்கறது ஒரே ஒரு பையனோட வருஷ சம்பளம், அத வெச்சு உங்க பையனுக்கு என்ன கெடைக்கும்னு கணக்கு போட முடியாது, நீங்க கேக்க வேண்டியது மீடியன், அதாவது வேலை கெடச்ச எல்லாரையும் சம்பள வரிசைப்படி நிக்க வெச்சா நட்டநடுவுல நிக்கிறவருக்கு எவ்வளவுன்னு. 120 பேர் படிக்கிற எடத்துல ஒருத்தருக்கு 18 லட்சமும் நடுவுல நிக்கிறவருக்கு 3 லட்சமும்னா அது 3 லட்ச ரூபா காலேஜ் தான். அடுத்தது அந்த 100 சதவீதம். வகுப்புல மொத்தம் எத்தன பேரு, பிளேஸ்மென்ட்டுக்கு பேர் குடுத்தவங்க எத்தன பேரு, ரெண்டையும் தனித்தனியா கேளுங்க, ஏன்னா அரியர் வெச்சவங்களையும் இங்கிலீஷ் தடுமாறுறவங்களையும் பேரே குடுக்க விடாம ஒதுக்கிட்டு மிச்சம் இருக்கறவங்கள வெச்சு 100ன்னு போடுற பழக்கம் நெறைய எடத்துல இருக்கு, அந்த ஒதுக்கப்பட்ட பிள்ளைங்க எப்பவும் நம்ம ஊர் மாதிரி எடத்துலருந்து போன பிள்ளைங்களா தான் இருக்கு, அது தான் எனக்கு ஆத்திரமே.

பேக்கேஜ்னு சொல்ற நம்பரையும் பிரிச்சு பாருங்க. என் மாணவர் ஒருத்தர் கொண்டாந்து காட்டுன ஆஃபர் லெட்டர்ல மேல 6 லட்சம்னு இருந்துச்சு, உள்ள போய் பாத்தா ஃபிக்சட் 3 லட்சத்து 60 ஆயிரம், டார்கெட் அடிச்சா மட்டும் 1 லட்சத்து 20 ஆயிரம், 2 வருஷம் அங்கயே இருந்தா தான் 80 ஆயிரம், மிச்சம் கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ். மாசம் கைக்கு வர்றது 28 ஆயிரத்த தாண்டல. 28 ஆயிரம் ஒண்ணும் கேவலமான சம்பளம் இல்ல, ஆனா 6 லட்சத்த நம்பி கடன் வாங்குன குடும்பத்துக்கு அது பெரிய அடி.

பிளேஸ்மென்ட் ரிப்போர்ட் எப்படி எழுதணும்னு அகமதாபாத் ஐஐஎம் (ஐஐஎம்னா மத்திய அரசோட மேனேஜ்மென்ட் கல்வி நிறுவனம்) முன்ன நின்னு ஒரு பொது முறை கொண்டாந்தாங்க, அதுபடி ரிப்போர்ட் போட்டு வெளி ஆடிட்டர் கிட்ட சரிபாக்க குடுக்குற பிசினஸ் ஸ்கூல்ஸ் இருக்கு, உங்களுக்கு போன் பண்றவங்க கிட்ட அப்படி ஒரு ரிப்போர்ட் இருக்கான்னு கேளுங்க. இந்த மாதிரி காலேஜுங்களுக்கு அனுமதி தர்ற மத்திய அமைப்பு ஏஐசிடிஇ, அதோட வெப்சைட்ல இந்த வருஷத்துக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு வார நாள்ல சொல்லாம கொள்ளாம பையன கூட்டிட்டு போய் கேட்டுக்கு வெளிய டீக்கடையில நிக்கிற ரெண்டாவது வருஷ பசங்க கிட்ட பேசுங்க, அங்க கெடைக்கிற தகவல் எந்த பிரவுச்சர்லயும் கெடைக்காது. ஒரு வேளை ஏற்கனவே கட்டிட்டு வேண்டாம்னு முடிவு பண்ணாலும், சீட்ட கேன்சல் பண்றதுக்கான கடைசி தேதிக்குள்ள விலகுனா அதிகபட்சம் 1,000 ரூபா புடிச்சுக்கிட்டு மிச்சத்த திருப்பி தரணும், ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட புடிச்சு வெக்க கூடாதுங்கறது ஏஐசிடிஇ விதி. பயப்படாம கேளுங்க.

கேள்வி: நான் கிருஷ்ணகிரியில அரசு காலேஜ்ல பி.காம் கடைசி வருஷம். ஸ்கூல் முழுக்க தமிழ் மீடியம். ஐஐஎம்லாம் இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு தானே, எனக்கெல்லாம் எட்டுமா அக்கா?
(வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: எட்டும்மா. ஐஐஎம்ல சேர எழுதுற நுழைவுத் தேர்வு பேரு கேட் (CAT), அத எழுத ஏதோ ஒரு டிகிரில 50 சதவீதம் இருந்தா போதும், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிங்களுக்கு 45, கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். ஆகஸ்ட்ல அப்ளிகேஷன் தொறப்பாங்க, செப்டம்பர்ல மூடிடுவாங்க, பரீட்சை நவம்பர் கடைசி வாக்குல ஒரு ஞாயித்துக்கிழமை. 2 மணி நேரம், 3 பகுதி, ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம், ஒரு பகுதிக்கு மிச்சமான நேரத்த இன்னொண்ணுக்கு எடுத்துக்க முடியாது. சரியான பதிலுக்கு 3 மார்க், தப்பா டிக் பண்ணா 1 போயிடும், ஆனா பதிலை டைப் பண்ற கேள்விக்கு மைனஸ் கெடையாது. கணக்கு பெரும்பாலும் 10ஆம் வகுப்பு அளவு தான், கஷ்டம் கணக்குல இல்ல, எந்த கேள்விய விடணும்ங்கற முடிவுல இருக்கு.

பல ஐஐஎம்ல இன்ஜினியரிங் படிக்காதவங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் கூடுதல் மார்க் உண்டு, உனக்கு ரெண்டுமே பொருந்தும், இத யாரும் உங்க காலேஜ்ல வந்து சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷ் பத்தி பயப்படுறது எனக்கு புரியுது, ஆனா அந்த பகுதில கேக்குறது உச்சரிப்பு இல்ல, ஒரு நீளமான கட்டுரைய படிச்சு எழுதுனவர் என்ன வாதம் வெக்கிறாருன்னு கண்டுபுடிக்கிறது. தமிழ்ல தலையங்கம் படிச்சு சண்டை போடுற பழக்கம் இருக்கறவங்களுக்கு அந்த மூளை ஏற்கனவே இருக்கு, தெனம் ஒரு இங்கிலீஷ் தலையங்கத்த எடுத்து ஒவ்வொரு பாராவுக்கும் பக்கத்துல தமிழ்ல ஒரு வரி எழுதிக்கிட்டே வா, ஆறு மாசத்துல உனக்கே வித்தியாசம் தெரியும்.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், நம்ம பிள்ளைங்க கோட்டை விடுறது இங்க தான். நம்ம கிட்ட இருக்கற பிசி, எம்பிசி சாதி சான்றிதழ் ஐஐஎம்ல செல்லாது, மத்திய அரசு படிவத்துல ஓபிசி நான்-கிரீமிலேயர் சான்றிதழ், அதாவது பிற்படுத்தப்பட்டவங்கள்ல வசதியானவங்க பட்டியல்ல வராதவங்கன்னு, தனியா வாங்கணும். 8 லட்சம் வருமான வரம்ப பாத்து நமக்கு கெடைக்காதுன்னு விட்டுடுறாங்க, ஆனா அந்த கணக்குல அப்பா அம்மாவோட சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேக்க மாட்டாங்க. 27 சதவீதம் சீட்டு அதுக்கு இருக்கு, எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5. சித்தேரி மலைல இருக்கற மலையாளி பிள்ளைங்க யாராவது இத படிச்சா, எஸ்டி சான்றிதழ் வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆபீஸ்ல தான் தருவாங்க, நாள் புடிக்கும், டிகிரி ரெண்டாவது வருஷத்துலயே அலைய ஆரம்பிச்சிடுங்க.

கேட்டோட டான்செட்டும் எழுதிடு. அண்ணா யுனிவர்சிட்டி நடத்துறது, 2 மணி நேரம் 100 கேள்வி, தப்புக்கு மூணுல ஒரு பங்கு போகும். அதுல எடுக்குற மார்க்க வெச்சு தான் தமிழ்நாட்டு எம்பிஏ சீட்டுக்கு கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி) மூலமா கவுன்சிலிங். கேட் நல்லா வந்தா ஐஐஎம் மட்டும் இல்ல, சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி எம்பிஏவும் அதே ஸ்கோர்ல தான், அத மறந்துடாத.

உள்ள போன பிறகு வாழ்க்கை எப்படின்னும் கேட்டிருந்த. மொதல் வருஷம் கண்ணு முழி பிதுங்கும். ராத்திரி 15, 20 பக்க கேஸ், அதாவது ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கல விவரமா எழுதுனது, ரெண்டு மூணு படிச்சு குழுவா உக்காந்து பேசி காலையில வகுப்புல வாதாடணும், வகுப்புல பேசுறதுக்கே தனி மார்க் இருக்கு, கிரேடு போடுறதும் கூட இருக்கறவங்களோட ஒப்பிட்டு தான். தமிழ் மீடியம் பிள்ளைங்க எல்லாம் யோசிச்சு வாக்கியத்த மனசுக்குள்ள கட்டி முடிக்கறதுக்குள்ள பேச்சு எங்கயோ போயிடும், அதுக்கு நான் சொல்ற ஒரே வழி, கேஸ் கடைசில இருக்கற அட்டவணைலருந்து ஒரு கணக்கு மட்டும் போட்டு வெச்சுக்க, வகுப்பு ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துக்குள்ள கைய தூக்கி அந்த நம்பர சொல்லிடு. நம்பர் சொல்ல இலக்கணம் வேண்டாம், அந்த நம்பர வெச்சு மத்தவங்க பேச ஆரம்பிச்சாங்கன்னா அந்த வகுப்பு உன்னோடது. மொதல் வருஷம் முடிஞ்சதும் ரெண்டு மாசம் ஏதாவது கம்பெனில சம்மர் இன்டர்ன்ஷிப், அங்க நல்லா பண்ணா அங்கயே வேலை கெடைக்கவும் வாய்ப்பு உண்டு. ரெண்டாவது வருஷம் பாடத்த நீயே தேர்ந்தெடுக்கலாம், கொஞ்சம் மூச்சு விடலாம்.

கேள்வி: எம்பிஏன்னு ஒண்ண மொதல்ல ஆரம்பிச்சது யாரு? நம்ம நாட்டுக்கு எப்ப வந்துச்சு?
(வாசகர், ஊத்தங்கரை)

பதில்: 1881ல அமெரிக்காவுல வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல் வந்துச்சு, ஆனா அது இளங்கலை அளவுல. பட்டதாரிங்களுக்குன்னு தனி ஸ்கூல் 1900ல டார்ட்மத் காலேஜ்ல வந்துச்சு, எம்பிஏங்கற பேர்ல பட்டம் 1908ல ஹார்வர்டுல. இங்க 1949ல ஜம்ஷெட்பூர்ல எக்ஸ்எல்ஆர்ஐ, 1961ல கல்கத்தா, அகமதாபாத் ஐஐஎம், 1973ல பெங்களூரு, நம்ம திருச்சிக்கு 2011ல தான். ஐஐஎம்ல ரொம்ப வருஷம் டிப்ளமோ தான் குடுத்தாங்க, 2017 சட்டத்துக்கு அப்புறம் தான் பட்டமே குடுக்குறாங்க.

கேள்வி: எங்களுக்கு மாந்தோப்பு இருக்கு, பெங்களூரா ரகம் தான் அதிகம். சீசன்ல அப்பா மாங்கூழ் ஃபேக்டரி கேட்டுல டிராக்டரோட ராத்திரி பூரா நிக்கிறாரு. எம்பிஏல இதுக்கெல்லாம் ஏதாவது சொல்லித்தருவாங்களா, இல்ல பெங்களூர் கம்பெனி வேலைக்கு மட்டும் தானா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: தம்பி, இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது. உங்க அப்பா நிக்கிற அந்த வரிசைய பத்தி ஒரு முழு பாடமே இருக்கு. பின்னாடி அமெரிக்காவுல எம்ஐடில பேராசிரியரா இருந்த ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்ச ஒரு விதி, எல்லா பிசினஸ் ஸ்கூல்லயும் வேலை எப்படி ஓடணும்னு சொல்லித்தர்ற ஆபரேஷன்ஸ் வகுப்புல ஆரம்பத்துலயே வரும். வரிசைல எத்தன பேர் இருக்காங்கங்கறது, மணிக்கு எத்தன பேர் வர்றாங்க, ஒருத்தர் எவ்வளவு நேரம் உள்ள இருக்காங்க, இந்த ரெண்டோட பெருக்கல். அவ்வளவு தான் விதி.

உங்க கேட்டுல வெச்சு பாப்போம். மணிக்கு 10 டிராக்டர் வருது, 10 எறக்குறாங்க, ஒவ்வொண்ணும் கேட்டுலருந்து எடை மேடை தாண்டி எறக்கி முடிக்க 6 மணி நேரம் ஆகுதுன்னா எப்பவும் 60 டிராக்டர் அங்க நிக்கும். இப்ப அதே ஃபேக்டரி போன்லயே நேரம் குடுத்து நீ சாயந்திரம் 4க்கு வா, நீ 6க்கு வான்னு சொல்லி வாசல்ல 20 டிராக்டர் மட்டும் இருக்கற மாதிரி பாத்துக்கிட்டா, காத்திருப்பு 2 மணி நேரமா கொறஞ்சிடும், மெஷினுக்குள்ள போற மாங்கா அப்பவும் மணிக்கு அதே 10 டிராக்டர் தான். ஃபேக்டரிக்கு ஒரு கிலோ கூட நஷ்டம் இல்ல, ஒவ்வொரு விவசாயிக்கும் 4 மணி நேரம் மிச்சம்.

அப்ப ஏன் செய்ய மாட்டேங்கறாங்க? இங்க தான் அடுத்த வகுப்பு வருது. அந்த 4 மணி நேரத்துல பழம் காயுது, எடை கொறையுது, டிராக்டர் வாடகை ஏறுது, டிரைவர் பேட்டா ஏறுது, இதுல எதுவுமே ஃபேக்டரி கணக்கு புத்தகத்துல வராது, எல்லாம் உங்க அப்பா கணக்குல வருது. அதுவும் போக, பறிச்ச காயோட ராத்திரி பூரா நின்ன மனுஷன் காலைல என்ன வெல சொன்னாலும் குடுத்துட்டு தான் போவாரு, திருப்பி எடுத்துட்டு போக முடியாது. வரிசை நீளமா இருக்கறது வாங்குறவருக்கு பேரம் பேச ஒரு பலம். இத புரிஞ்சுக்கிட்டவன் டோக்கன் குடுங்கன்னு மட்டும் கேக்க மாட்டான், வெலய பறிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி குடுங்கன்னு கேப்பான், 40 தோட்டக்காரங்கள சேத்துக்கிட்டு கேப்பான். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளியிலயும் இதே கதை தான், பறிச்ச பிறகு காத்திருக்க முடியாதவன் கை தான் எப்பவும் கீழ.

படிப்புன்னு பாத்தா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல அக்ரி பிசினஸ் எம்பிஏ இருக்கு, ஐதராபாத்ல மேனேஜ்ங்கற மத்திய அரசு நிறுவனம், அகமதாபாத் ஐஐஎம்ல உணவு, விவசாய வணிகத்துக்குன்னே தனி 2 வருஷ படிப்பு, குஜராத் ஆனந்த்ல 1979ல அமுல் குரியன் ஆரம்பிச்ச இர்மாங்கற ஊரக மேனேஜ்மென்ட் ஸ்கூல். சிலதுக்கு அக்ரி டிகிரி கேப்பாங்க, தகுதிய பாத்துட்டு போடுங்க. முடிச்சுட்டு ஊருக்கே வரணும்னா உழவர் உற்பத்தியாளர் கம்பெனிங்கள பாருங்க, 2020ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டத்துல ஒவ்வொரு கம்பெனிக்கும் 3 வருஷத்துக்கு நிர்வாக செலவுக்குன்னு 18 லட்சம் வரைக்கும் உதவி உண்டு, சிஇஓ சம்பளமும் அதுக்குள்ள தான். சம்பளம் பெங்களூர் அளவு வராது, அத மறைக்க விரும்பல. ஆனா இந்த மாவட்டத்துல படிச்ச ஒருத்தர் உக்காந்து கூழ் வெலைய கணக்கு போட்டு பேச வேண்டிய நாற்காலி காலியா கெடக்கு.

கேள்வி: ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் சூப்பர்வைசரா இருக்கேன், பி.இ முடிச்சு 5 வருஷம் ஆச்சு. வேலைய விடாம எம்பிஏ பண்ண முடியுமா? ஆன்லைன் எம்பிஏ செல்லுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: செல்லும் தம்பி, பல்கலைக்கழகங்கள கவனிக்கிற மத்திய அமைப்பான யுஜிசி அனுமதி பெற்ற எடத்துல படிச்சா. அனுமதி இருக்கற தொலைநிலை, ஆன்லைன் பட்டம் நேர்ல படிச்ச பட்டத்துக்கு சமம்னு 2022 செப்டம்பர்லயே யுஜிசி அறிவிச்சிடுச்சு. சேர்றதுக்கு முன்னாடி யுஜிசி தொலைநிலை கல்வி வெப்சைட்ல அந்த பல்கலைக்கழகம் மட்டும் இல்ல, எம்பிஏங்கற அந்த படிப்பும் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, டெப்-ஐடின்னு ஒரு மாணவர் எண்ண அதே யுஜிசி வெப்சைட்ல நீங்களே உருவாக்கணும், அது இல்லாம சேத்துக்கறேன்னு எந்த சென்டராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. கம்மி செலவுன்னா மத்திய அரசோட திறந்தநிலை பல்கலைக்கழகம் இக்னோ. கையில காசும் சில வருஷ அனுபவமும் இருந்தா பெங்களூரு ஐஐஎம்ல வேலை பாக்கறவங்களுக்குன்னே வாரக்கடைசி படிப்பு இருக்கு, பன்னேர்கட்டா ரோடு உங்களுக்கு பக்கம் தான். ஆனா மொதல்ல உங்க எச்ஆர் கிட்ட ஒரு வார்த்த கேளுங்க, புரமோஷனுக்கு தொலைநிலை எம்பிஏவ எடுத்துப்பாங்களான்னு. அதுக்கு நடுவுல மத்திய அரசோட ஆன்லைன் பாட வெப்சைட்டான ஸ்வயம்ல பெங்களூரு ஐஐஎம் பாடங்கள் இருக்கு, படிக்க காசு இல்ல, நைட் ஷிஃப்ட் வாரத்துல உக்காந்து ஒண்ண முடிக்க முடியுதான்னு உங்களையே சோதிச்சு பாத்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

கேள்வி: பொண்ணுக்கு ஐஐஎம்ல சீட்டு வந்திருக்கு. ஃபீஸ் 20 லட்சத்துக்கு மேலங்கறாங்க. எங்களுக்கு வீட்ட தவிர சொத்து இல்ல. பயமா இருக்குங்க.
(ஒரு தாய், பென்னாகரம்)

பதில்: மொதல்ல உங்க பொண்ணுக்கு என் வாழ்த்த சொல்லுங்கம்மா. வீட்ட அடமானம் வெக்க அவசரப்படாதீங்க. 2024 நவம்பர்ல ஒப்புதல் குடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துல, பட்டியல்ல இருக்கற உயர்ந்த கல்வி நிறுவனங்கள்ல சேர்றவங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாம கடன். குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குள்ளன்னா 10 லட்சம் வரைக்குமான கடனுக்கு படிக்கிற காலத்துலயும் அப்புறம் 1 வருஷமும் வட்டில 3 சதவீதம் அரசு கட்டும். அது இல்லாம ஸ்டேட் பேங்க் மாதிரி பேங்குகள்ல ஐஐஎம்களுக்குன்னே அடமானம் இல்லாத கடன் தனியா இருக்கு. உள்ளூர் கிளைல தெரியாதுன்னு கைய விரிச்சா வித்யாலட்சுமி வெப்சைட்லயே போடுங்க, அட்மிஷன் ஆபீஸ்ல எந்த பேங்க் கேம்பஸோட டை-அப்னு கேளுங்க, உதவித்தொகை என்னென்ன இருக்குன்னும் அதே மெயில்ல கேளுங்க.

கணக்கையும் பாத்துக்கங்க. 20 லட்சம், 9 சதவீத வட்டி, 10 வருஷம்னா மாசத் தவணை சுமாரா 25,300 ரூபா, படிக்கும்போது சேர்ற வட்டி தனி. அந்த ஐஐஎம் ரிப்போர்ட்ல மீடியன் சம்பளத்த எடுத்து, கைக்கு வர்றதுல மூணுல ஒரு பங்குக்குள்ள இந்த தவணை அடங்குதான்னு பொண்ண போட்டு பாக்க சொல்லுங்க. அடங்குனா தைரியமா அனுப்புங்க. 3 லட்ச ரூபா மீடியன் இருக்கற காலேஜுக்கு இதே 20 லட்சம் கேட்டிருந்தா வேண்டாம்னு நானே சொல்லிருப்பேன்.

கேள்வி: எம்.காம் முடிச்சு தருமபுரியில கெஸ்ட் லெக்சரரா இருக்கேன். பிசினஸ் ஸ்கூல்ல ஆராய்ச்சி பண்ணா யாருக்கு என்ன லாபம்? எனக்கு பிஎச்டி பண்ண ஆசை, குடும்பம் கேக்குது காசு எங்கன்னு.
(வாசகர், தருமபுரி)

பதில்: காசு கேள்விக்கு மொதல்ல பதில். பெரிய ஐஐஎம்கள்ல பிஎச்டிக்கு டியூஷன் ஃபீஸ் இல்ல, மாசாமாசம் ஸ்டைபண்ட்னு உதவித்தொகை தர்றாங்க, யுஜிசி நெட் பரீட்சை மூலமா கெடைக்கிற ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் கெடச்சா 2023லருந்து மாசம் 37,000. கேட் ஸ்கோரையோ ஜேஆர்எஃப்பையோ வெச்சு கூப்பிடுறாங்க, முதுகலைல 55 சதவீதம் கேக்குறது வழக்கம். இப்ப நீங்க வாங்குற தொகுப்பூதியத்த விட மோசமா போகாதுன்னு வீட்ல சொல்லுங்க.

ஆராய்ச்சிக்கு என்ன லாபம்னா, மதுரைல டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய பத்தி 1993ல ஹார்வர்டுல ஒரு கேஸ் எழுதுனாங்க, காசு குடுக்க முடிஞ்சவங்க குடுக்குறத வெச்சு முடியாதவங்களுக்கு இலவசமா ஆபரேஷன் பண்ணியும் எப்படி கடன் இல்லாம நடக்குதுன்னு. கோயம்புத்தூர்ல பொறந்து அமெரிக்காவுல மிச்சிகன் வரைக்கும் போன மேனேஜ்மென்ட் பேராசிரியர் சி.கே.பிரகலாத்தும் அத எடுத்து பேசுனாரு. நம்ம ஊர் விஷயத்த நம்மாளு கவனிச்சு எழுதுனா உலகம் பூரா வகுப்புல அத வெச்சு படிக்கிறாங்க, இது நடந்த விஷயம்.

தலைப்புக்கு டெல்லி பாக்காதீங்க. தருமபுரி பட்டுக்கூடு அங்காடில தெனமும் ஏலம் நடக்குது, வெளி மாவட்ட விவசாயிங்களும் கூடு கொண்டாறாங்க. ஏலம் கேக்க வர்ற நூற்பாளருங்க எண்ணிக்கை கொறையுற நாள்ல கிலோவுக்கு எவ்வளவு எறங்குது, அதே தரக் கூடுக்கு காலைல ஒரு வெலயும் மதியம் ஒரு வெலயும் வருதா, யாராவது சேந்து பேசி வெச்சுக்கிட்டு கேக்குற மாதிரி நம்பர்ல தெரியுதா? பட்டு வளர்ச்சித் துறை கிட்ட அனுமதி வாங்கி மூணு வருஷத்து தினசரி வெல, வரத்து, ஏலம் எடுத்தவங்க எண்ணிக்கை மூணையும் ஒரு எக்செல்ல ஏத்துங்க. இன்டர்வியூல ஏன் பிஎச்டின்னு கேப்பாங்க, அந்த ஷீட்ட எடுத்து டேபிள் மேல வைங்க.